வேலை செய்துகொண்டே ஜிமாற் பரீட்சைக்குப் படிக்கலாமா?

எங்களிடம் ஆலோசனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் விசா, வீடு, உதவிப்பணம் பற்றித்தான் கேட்பார்கள். இடைக்கிடை வேறொரு கேள்வியும் வரும். "ஊரில டிகிரி முடிச்சனான். இங்க வந்து ஆறு வருசமா பெற்றோல் ஸ்ரேசனில நிக்கிறன். எம்.பி.ஏ. படிக்க விருப்பம். அதுக்கு ஜிமாற் எண்டு ஒரு சோதனை எழுத வேணுமாம். வேலையை விட்டிட்டுப் படிக்க வசதியில்லை. ஏலுமோ?"

ஏலும். ஆனால் ஊரில் உயர்தரப் பரீட்சைக்குப் படித்த மாதிரிப் படித்தால் கஷ்டம். அது ஏன் என்பதை இங்கே கொஞ்சம் விளக்கமாகச் சொல்லப் பார்க்கிறோம். பரீட்சை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். கடன், கட்டணம் பற்றிச் சொல்லுபவை மட்டும் இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு உரியவை.

முதலில், இது உங்களுக்குத் தேவையா?

பிரித்தானியாவில் எம்.பி.ஏ. நடத்தும் பல பல்கலைக்கழகங்கள் ஜிமாற் கேட்பதே இல்லை. பட்டம், சில வருட வேலை அனுபவம், ஆங்கிலத் தகுதி, ஒரு நேர்முகம், இவ்வளவும் போதும் என்பார்கள். லண்டன் பிசினஸ் ஸ்கூல் போன்ற போட்டி கூடிய இடங்கள்தான் ஜிமாற் அல்லது ஜி.ஆர்.ஈ. பெறுபேறு கேட்கின்றன. அனுபவம் கூடியவர்களுக்கான எக்ஸெக்கியூற்றிவ் எம்.பி.ஏ.க்கு 90 நிமிடத்தில் முடிகிற எக்ஸெக்கியூற்றிவ் அசெஸ்மென்ற் என்ற சின்னப் பரீட்சையை ஏற்றுக்கொள்ளும் இடங்களும் உண்டு.

எங்களிடம் வந்த ஒரு தம்பி ஐந்து மாதம் இரவு பகலாகப் படித்திருந்தார். ரியூசனுக்கும் காசு கட்டியிருந்தார். அவர் விண்ணப்பிக்க நினைத்திருந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் அனுமதி விதிகளையும் அவரோடு இருந்து வாசித்தோம். இரண்டுமே ஜிமாற் கேட்கவில்லை. ஆகவே புத்தகம் வாங்க முதல், நீங்கள் உண்மையாகவே போகக்கூடிய நான்கைந்து இடங்களின் விதிகளைப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கோ. விளங்காவிட்டால் அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கோ. பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருப்பது நல்லது.

எங்கட ஆட்களுக்கு ஜிமாற்றால் ஒரு தனி நன்மையும் உண்டு. யாழ்ப்பாணத்திலோ கிழக்கிலோ சண்டைக்குள்ளே படித்து, வெளிவாரியாகப் பட்டம் எடுத்து, சாதாரண சித்தியோடு வந்தவர்கள் பலர். அந்தப் பட்டத்தின் பெறுமதி இங்கே உள்ள அனுமதி அதிகாரிக்கு உடனே விளங்காது. ஆனால் ஒரு நல்ல ஜிமாற் புள்ளி விளங்கும். பட்டத்தை இந்த நாட்டுத் தராதரத்தோடு ஒப்பிட்டுத் தரும் வேலையை யூ.கே. ஈனிக் செய்கிறது. முன்பு நாரிக் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான், 2021இல் பெயர் மாறியது. பல பல்கலைக்கழகங்கள் இந்த ஒப்பீட்டைத் தாங்களே பார்த்துக்கொள்ளும். எனவே கேட்டாலொழிய அதற்கும் காசு கட்ட வேண்டாம்.

காசு விசயம் ஒரு சொல்

பரீட்சைக்கே சில நூறு டொலர் கட்டணம். அதுக்குப் பிறகு படிப்புக் கட்டணம். லண்டன் பிசினஸ் ஸ்கூலின் முழுநேர எம்.பி.ஏ. கட்டணம் இப்போது ஒரு இலட்சம் பவுணைத் தாண்டுகிறது. அரசாங்கத்தின் முதுநிலைக் கடன், 2025/26 கல்வியாண்டில் தொடங்கிய படிப்புக்கு, ஆகக்கூடியது 12,858 பவுண். அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் இந்தக் கடனுக்கு மூன்று வருட வதிவுக் கணக்குக் காட்டத் தேவையில்லை. வேறு வகை விசாவில் இருப்பவர்களுக்கு விதி வேறு, அதை முதலில் ஒரு ஆலோசகரிடம் காட்டுங்கோ. ஏற்கனவே முதுமாணிப் பட்டம் உள்ளவர்களுக்குப் பொதுவாக இந்தக் கடன் கிடையாது. அது ஊரில் எடுத்த பட்டமானாலும் அப்படித்தான்.

தஞ்சக் கோரிக்கை முடிவு வராமல் இருப்பவர்களுக்கு இந்தக் கடன் இல்லை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தஞ்சம் கோரியவர்களுக்கென்று சாங்சுவரி புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. உள்துறை அமைச்சு தந்த பெயில் கடிதத்தில் படிக்கக்கூடாது என்று நிபந்தனை போடப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கோ. வட்டிக்குக் காசு வாங்கி விண்ணப்பிக்க நினைக்கிறவர்கள், தயவுசெய்து அதற்கு முதல் எங்களோடு ஒருக்கால் கதையுங்கோ.

பரீட்சையில் என்ன இருக்கிறது?

2023 நவம்பரில் புதிய வடிவம் வந்தது. பழைய வடிவம் 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். கணக்கில் 21 கேள்வி, ஆங்கில வாசிப்பிலும் தர்க்கத்திலும் 23 கேள்வி, டேட்டா இன்சைற்ஸ் என்ற தரவுப் பகுதியில் 20 கேள்வி. மொத்தம் 64 கேள்வி, இரண்டேகால் மணித்தியாலம். விரும்பினால் இடையில் 10 நிமிட ஓய்வு எடுக்கலாம். எந்தப் பகுதியை முதலில் செய்வது என்பது உங்கள் விருப்பம். புள்ளி 205இலிருந்து 805 வரை. பெறுபேறு ஐந்து வருடத்துக்குச் செல்லும்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் ஒன்றுவிட்ட அண்ணாவின் பழைய புத்தகத்தை வாங்கி வந்து படிப்பவர்கள் அநேகர். அந்தப் புத்தகத்தில் வசனம் திருத்தும் கேள்விகள், கேத்திரகணிதம், கட்டுரை எல்லாம் இருக்கும். இவை மூன்றும் இப்போது பரீட்சையில் இல்லை. புத்தகத்தை எறியத் தேவையில்லை. வாசிப்பும் தர்க்கமும் எண்கணிதமும் அட்சரகணிதமும் இன்னும் உதவும், மற்றதைத் தாண்டிப் போங்கோ. அதே அண்ணா "நான் 700 எடுத்தனான்" என்று சொன்னால் அது பழைய அளவுகோல். புதிய அளவுகோலில் 645 அளவு எடுத்தாலே ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். புதிய புள்ளிகள் எல்லாம் 5இல்தான் முடியும். ஆகவே இனி யாராவது 700 என்றால் எப்போது எழுதினவர் என்று கேளுங்கோ.

கணக்குப் பகுதி பெரும்பாலும் எங்கள் சாதாரண தர மட்டத்தைத் தாண்டாது. வீதம், விகிதம், சராசரி, வேகமும் நேரமும், சமன்பாடு, நிகழ்தகவு, இப்படி. ஆனால் கல்குலேற்றர் இல்லை. அது தரவுப் பகுதியில் மட்டும் திரையில் கிடைக்கும். தரவுப் பகுதியில் அட்டவணை, வரைபு வாசிக்கும் கேள்விகளோடு, தரவு போதுமா என்று கேட்கும் ஒரு வகையும் வரும். எங்கட ஆட்கள் முதலில் தடுமாறுவது இதில்தான். ஒரு உதாரணம் பாருங்கோ.

ஒரு கடையில் நேற்று எத்தனை போத்தல் பால் விற்றது? முதல் தகவல்: பாலும் பாணும் சேர்த்து 90 விற்றது. இரண்டாம் தகவல்: பாணை விடப் பால் 10 கூட விற்றது.

எங்கள் கை உடனே பேனையை எடுத்துக் கணக்குச் செய்யும். 50 பால், 40 பாண் என்று விடை வரும். சரி, ஆனால் அதைக் கேட்கவில்லை. முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால் போதுமா, தனித்தனியே இரண்டும் போதுமா, சேர்ந்தும் போதாதா என்பதுதான் கேள்வி. இரண்டும் சேர்ந்தால் போதும் என்று தெரிந்தவுடன் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். 50ஐக் கண்டுபிடித்த நேரம் வீண்.

எங்கட பழக்கமே எங்களுக்கு எதிரி

இதைக் கொஞ்சம் ஆறுதலாகச் சொல்ல வேணும், ஏனென்றால் புத்தகங்கள் இதை எங்கட ஆட்களுக்கு ஏற்ற மாதிரிச் சொல்வதில்லை. ஊரில் கணக்கை இடையில் விடுவது பாவம் மாதிரி. செய்கை முழுவதும் எழுத வேணும், விடை வராவிட்டாலும் செய்கைக்குப் புள்ளி கிடைக்கும். முந்தின வருட வினாத்தாள்களைத் திருப்பித் திருப்பிச் செய்தால் அதே மாதிரி வரும். இந்த இரண்டு பழக்கமும் ஜிமாற்றில் உதவாது.

இந்தப் பரீட்சையில் நீங்கள் சரியாகச் செய்யச் செய்ய, கொம்பியூட்டர் அடுத்த கேள்வியைக் கடினமாக்கும். பிழை விட்டால் இலகுவாக்கும். ஆகவே நன்றாகச் செய்கிறவருக்கும் கடைசிவரை கஷ்டமாகத்தான் இருக்கும். "எல்லாம் கஷ்டமா வந்தது, பிழைச்சுப் போச்சு" என்று நினைக்கத் தேவையில்லை. கணக்குப் பகுதியில் ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறது. ஒரு கேள்வியில் ஆறு நிமிடம் நின்றால் கடைசியில் இரண்டு மூன்று கேள்வியைப் பார்க்காமலே விடவேண்டி வரும். பிழையான விடையை விட, செய்யாமல் விட்ட கேள்விதான் புள்ளியைக் கூடக் குறைக்கும்.

அதனால் விட்டுப் போகப் பழகுங்கோ. வீட்டில் பயிற்சி செய்யும்போதே, இரண்டரை நிமிடத்தில் வழி தெரியாவிட்டால் ஒரு விடையை ஊகித்துத் தெரிவுசெய்து, அடையாளம் வைத்துவிட்டு நகருங்கோ. பகுதி முடிய நேரம் மிஞ்சினால் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றலாம். முதல் கிழமை கை நடுங்கும், மனசு கேட்காது. எங்களிடம் வந்த ஒரு தங்கச்சி, கணக்கியலில் கெட்டிக்காரி, முதல் மாதிரிப் பரீட்சையில் கணக்குப் பகுதியில் ஏழு கேள்வியைப் பார்க்கவே இல்லை. ஏழும் அவவுக்குச் செய்யத் தெரிந்த கேள்விகள். புதிதாக ஒரு பாடமும் படிக்காமல், விடுவதற்கு மட்டும் பழகி அடுத்த மாதிரியில் நன்றாக ஏறினா.

ஆங்கிலம்

பேச்சு ஆங்கிலம் நன்றாக இருப்பவர்களும் இந்தப் பகுதியில் விழுகிறார்கள். இங்கே இலக்கணம் கேட்பதில்லை. ஒரு பந்தியைத் தந்து, எழுதியவர் எதை நிரூபிக்கப் பார்க்கிறார், அதில் ஓட்டை எங்கே என்று கேட்பார்கள். உதாரணமாக, ஒரு கடைக்காரர் இரவு பத்து மணிவரை கடையைத் திறந்து வைத்தார், அந்த மாதம் வருமானம் கூடியது, ஆகவே கூட நேரம் திறந்ததுதான் காரணம் என்கிறார். இந்த வாதத்தைப் பலவீனமாக்குவது எது? அதே மாதம் பக்கத்துக் கடை பூட்டப்பட்டது என்ற செய்தி. கடையில் நின்ற அனுபவம் உள்ளவருக்கு இது உடனே விளங்கும். ஆங்கிலத்தில் நீளமான வசனத்தில் வரும்போதுதான் மறைந்துவிடும்.

இதற்கு மருந்து தினசரி வாசிப்பு. பஸ்ஸில் அரை மணித்தியாலம், பத்திரிகையின் பொருளாதாரப் பக்கமோ விஞ்ஞானக் கட்டுரையோ. வாசித்து முடிந்ததும், இவர் என்ன சொல்ல வருகிறார் என்று தமிழிலேயே ஒரு வசனம் உங்களுக்குள் சொல்லிப் பாருங்கோ. சொல்ல வராவிட்டால் வாசிக்கவில்லை என்று அர்த்தம். சந்தா கட்டத் தேவையில்லை. கவுன்சில் லைபிரரி அட்டை இலவசம், பல இடங்களில் அந்த அட்டையை வைத்து ஃபோனிலேயே பத்திரிகை வாசிக்கலாம்.

நேரம் எங்கே இருந்து வரும்?

முதல் வேலையாக ஒரு மாதிரிப் பரீட்சை எழுதுங்கோ, ஒன்றும் படிக்காமலே. பரீட்சை நடத்துபவர்கள் தங்கள் எம்.பி.ஏ. டொட் கொம் தளத்தில் இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறார்கள். ஒன்றைத் தொடக்கத்தில் செய்யுங்கோ, மற்றதைக் கடைசி மாதத்துக்கு வையுங்கோ. முதல் புள்ளி வெட்கமாக இருந்தால் பரவாயில்லை. எந்தப் பகுதிக்கு நேரம் போக வேணும் என்பதை அதுதான் காட்டும். அதைப் பார்க்க முதல் ரியூசனுக்குக் காசு கட்ட வேண்டாம். "700 நிச்சயம்" என்று விளம்பரம் செய்கிறவர்கள் இன்னும் பழைய கணக்கில் இருக்கிறார்கள் என்பதையும் மேலே பார்த்தோம்.

முழுநேர வேலை செய்பவருக்கு எங்கள் கணக்கு இப்படி: வேலை நாளில் ஒரு மணித்தியாலம், ஓய்வு நாள் ஒன்றில் மட்டும் நான்கு. கிழமைக்கு ஒன்பது, பன்னிரண்டு கிழமையில் 108 மணித்தியாலம். கனபேருக்கு இது ஒரு நல்ல தொடக்கம். ஆங்கிலம் பலவீனமானவர்களுக்கு ஆறு மாதமும் எடுக்கலாம். அதில் குறைவொன்றும் இல்லை.

இரவு வேலை செய்பவர்களுக்குத் தனியாகச் சொல்லுகிறோம். வேலை முடிந்து வந்தவுடன் புத்தகத்தைத் திறக்க வேண்டாம். அந்த நேரம் படித்தது நிற்காது, பிழையாகச் செய்து மனம் உடைந்துபோவதுதான் மிச்சம். நித்திரை கொண்டு எழும்பி, சாப்பிட்டு, வேலைக்குப் போக முதல் வரும் ஒரு மணித்தியாலம்தான் உங்களுக்குக் காலை மாதிரி. கடையில் ஆளில்லாத நேரம் படிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். சின்னக் கணக்கு இரண்டு செய்யலாம், அவ்வளவுதான். முதலாளியிடமும் பேச்சு வாங்க வேண்டி வரும். ஷிப்ற் பட்டியல் கிழமைக்குக் கிழமை மாறினால், பரீட்சைக்கு முந்தின இரண்டு கிழமைக்கு மட்டும் நிலையான நேரம் தரமுடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கோ. வருடாந்த விடுமுறையில் மூன்று நான்கு நாளை அதற்கென்று வைத்திருங்கோ. கலியாண வீட்டுக்கும் சாமத்தியத்துக்கும் எல்லா லீவையும் கொடுத்துவிட்டுப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு வேலைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறோம்.

வீட்டில் இருப்பவர்களோடும் வெளிப்படையாகக் கதையுங்கோ. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒருவர் படிக்க, மற்றவர்தான் அந்தப் பன்னிரண்டு கிழமைச் சுமையையும் தூக்குகிறார். எந்த நாள், எந்த நேரம், எப்போது முடியும் என்று திகதியோடு சொன்னால் பொறுத்துக்கொள்வார்கள். முடிவில்லாமல் "படிக்கிறன், படிக்கிறன்" என்றால் சண்டைதான். பெண்களுக்கு இந்த ஒரு மணித்தியாலம் கிடைப்பது இன்னும் கஷ்டம். எங்கள் அனுபவத்தில் அவர்கள் வீட்டில் படிக்க முயலாமல் லைபிரரிக்குப் போனபோதுதான் நேரம் உண்மையாகவே கிடைத்தது.

ஒரு கொப்பி வையுங்கோ. பிழை விட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: தெரியாமல் பிழைத்ததா, கேள்வியை வடிவாக வாசிக்காமல் பிழைத்ததா, நேரம் போனதால் பிழைத்ததா. நூறு புதுக் கேள்வி செய்வதை விட, பிழைத்த இருபதை ஒரு கிழமை கழித்துத் திரும்பச் செய்வது பிரயோசனம்.

பெயரும் அடையாள அட்டையும்

இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். ஆனால் கட்டிய காசு முழுவதும் போகக்கூடிய இடம் இதுதான். பரீட்சைக்குப் பதியும் பெயரும், அன்று காட்டும் அடையாளப் பத்திரத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேணும். எங்கட பெயர்கள் எப்படி இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். ஒரு பத்திரத்தில் அப்பாவின் பெயர் முன்னுக்கு, இன்னொன்றில் பின்னுக்கு. ஒன்றில் முழுப்பெயரும் குடும்பப் பெயர் என்ற இடத்தில், மற்றதில் வெறும் முதலெழுத்து. எந்தப் பத்திரத்தைக் கொண்டு போகப்போகிறீர்களோ, அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கோ.

பத்திரம் மூலப்பிரதியாகவும் காலாவதியாகாததாகவும் இருக்க வேணும். பழைய பி.ஆர்.பி. அட்டைகள் 2024 டிசம்பர் 31இற்குள் காலாவதியாகிவிட்டன, ஈ-விசா என்பது ஃபோனில் பார்க்கும் ஒன்று. ஆகவே இவற்றை நம்பிப் போக வேண்டாம். பாஸ்போட் இல்லாமல் அகதிப் பயணப் பத்திரம் மட்டும் வைத்திருப்பவர்கள், காசு கட்ட முதலே அந்தப் பத்திரம் ஏற்கப்படுமா என்று பரீட்சை நடத்துபவர்களிடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கோ. பயணப் பத்திரம் எடுக்கவும் புதுப்பிக்கவும் நாள் செல்லும், அதையும் கணக்கில் எடுங்கோ.

வீட்டில் இருந்து ஒன்லைனிலும் எழுதலாம். ஆனால் அறைக்குள் வேறு ஒருவரும் வரக்கூடாது, கமரா பார்த்துக்கொண்டே இருக்கும். பகிர்ந்த வீட்டில் ஒரு அறையில் இருப்பவர்கள், இணையம் அடிக்கடி அறுகிறவர்கள் பரீட்சை நிலையத்துக்கே போங்கோ.

சண்டைக் கால அனுபவங்களால் நித்திரைக் குழப்பம், ஞாபகக் குழப்பம், பூட்டிய அறையில் பதற்றம் உள்ளவர்கள் எங்களுக்குள் குறைவில்லை. இதற்கு வைத்தியரிடமோ உளவளத் துணையாளரிடமோ போகிறவர்கள், தகுந்த மருத்துவ அறிக்கையோடு கூடுதல் நேரம் அல்லது கூடுதல் ஓய்வு கேட்டு விண்ணப்பிக்கலாம். நாள் குறிக்க முதலே இதைச் செய்ய வேணும், கடைசி நேரத்தில் முடியாது. பல்கலைக்கழகத்துக்குப் போகும் பெறுபேற்றில் இது காட்டப்படுவதில்லை.

பெறுபேறு நினைத்த மாதிரி வராவிட்டால் 16 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம், 12 மாதத்துக்குள் ஐந்து தடவை வரை. புள்ளியைப் பார்த்த பிறகுதான் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். அனுப்பாத புள்ளி அவர்களுக்குத் தெரியாது. உத்தியோகபூர்வப் பெறுபேறு வந்து 48 மணித்தியாலத்துக்குள் ஐந்து இடங்களுக்குக் கட்டணமில்லாமல் அனுப்பலாம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் காசு. அந்த இரண்டு நாளும் வேலையில் மறந்துபோகாமல் இருக்க ஃபோனில் ஒரு அலாரம் வையுங்கோ.

விண்ணப்பப் படிவத்தோடும் கடன் விபரத்தோடும் எங்களிடம் வருபவர்கள், முதல் மாதிரிப் பரீட்சையின் புள்ளியையும் விசாக் கடிதத்தையும் பட்டச் சான்றிதழின் பிரதியையும் கையோடு கொண்டு வாருங்கோ.